ஒரு சாண் உயரத்துப் பட்டாளம்

பட்டாளத்தார் தெருவில் முனிரத்தினம் நடந்து போனால் தூசி எழும்பாது என்பது, சித்திரையில் வெயில் காயும், பாலாற்றில் தண்ணீர் வராது என்பதுபோல, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவருடைய கால் தரையில் படுவதில்லை. பாதத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் கூடுதலும் கிடையாது, குறைச்சலும் கிடையாது. அந்த இடைவெளியில் கோலிகுண்டு உருண்டு போகும், கோழிக்குஞ்சு புகுந்து போகும், மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் சலசலவென்று ஓடிப் போகும், அவர் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருப்பார். மார்கழியில் வாசலடைத்துக் கோலம் போட்ட பெண்கள் சைக்கிள்காரனைத் திட்டுவார்கள், பால்காரனைத் திட்டுவார்கள், முனிரத்தினத்தை மட்டும் "வாங்க மாமா, நடுவுலயே வாங்க" என்பார்கள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த யாராவது அவரைப் பார்த்துவிட்டு இலையில் கை வைக்காமல் வாயைப் பிளந்தால், பரிமாறுகிறவன், "அது பட்டாளத்து ஆர்டருங்க, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லி அடுத்த கரண்டி சாம்பாரை ஊற்றிவிடுவான்.

ஆர்டர் என்பது உண்மைதான். வங்கத்துச் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, மேஜர் மந்தண்ணா என்ற குடகுக்காரர் தடிமனான ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, மனசை அடக்கியவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று மேலிடத்தில் பேசிப் பேசி, இந்த ஆள் தொலைந்தால் போதும் என்று அவர்கள் கொடுத்த அனுமதியோடு, வேலூர்ப் பக்கத்துப் பையன்களாகப் பார்த்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு, வடக்கே பனி விழும் மலை ஒன்றில் கூடாரம் அடித்தார். ஏன் வேலூர்ப் பக்கம் என்று கேட்டவர்களிடம், "அந்த வெயிலில் வளர்ந்தவனுக்கு உடம்பு ஏற்கெனவே பாதி ஆவி" என்பாராம். அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவர் ஹவில்தார் கஜபதி. எல்லோருக்கும் கடைசி, அப்போதுதான் கல்யாணமாகி ஒரு லீவு மட்டும் பார்த்திருந்த சிப்பாய் முனிரத்தினம்.

பயிற்சி என்றால் சாதாரணப் பயிற்சி இல்லை. மேஜர் ஒரு சீட்டை மறைத்துப் பிடிப்பார், அது என்ன சீட்டு என்று மனசால் பார்த்துச் சொல்லவேண்டும். கஜபதி ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, ஏனென்றால் மேஜருடைய மூக்குக்கண்ணாடியில் சீட்டு பளிச்சென்று தெரிந்தது. எதிரிப் பக்கத்து மலையை உற்றுப் பார்த்து அங்கே இருப்பவனுக்குத் தும்மல் வரவழைக்கவேண்டும். அங்கே யாராவது தும்மினார்களா என்று போய்க் கேட்டுவர ஆள் இல்லாததால் எல்லோரும் தேறிவிட்டார்கள். கோவேறு கழுதையின் கண்ணைப் பார்த்து அதன் எண்ணத்தைச் சொல்லவேண்டும். முனிரத்தினம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சாப், இதுக்கு வூட்டு ஞாபகம் வந்துட்டுது" என்றார். உண்மையில் வந்தது அவருக்குத்தான். மேஜர் கண் கலங்கிப்போய்க் கழுதைக்கு ஒருநாள் லீவு கொடுத்தார்.

அப்புறம் ஒரு காலையில், பனி வெளுத்துக் கிடந்த மைதானத்தில் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி, "சாவ்தான்!" என்று விறைக்கவைத்து, "மனசிலே இருக்கிற கனத்தை எல்லாம் கீழே வை" என்று சொல்லிவிட்டு, அடிவயிற்றிலிருந்து, "ஊபர்!" என்றார் மேஜர். மேலே எழு என்று அர்த்தம். வீட்டுக்கவலை, குளிர், ஆறிப்போன சப்பாத்தி எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். ஒரு சாண். மேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். அவரே நம்பியிருக்கவில்லை என்று கஜபதி பிற்பாடு சொல்லுவார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வந்து சண்டை தொடங்கிவிட்டது என்றான். மேஜர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, "அப்படியே இருங்க, இதோ வந்துடறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் கிடைத்தது. மேஜர் கிடைக்கவில்லை.

பட்டாளத்தில் ஓர் ஆர்டர் போட்டால் அதை எடுப்பதற்கு இன்னோர் ஆர்டர் வேண்டும். 'ஜைசே தே' என்று சொல்வார்கள், முன்பு இருந்தபடிக்குத் திரும்பு என்று. அது வராமல் இறங்குகிறவன் சிப்பாய் இல்லை. புதிதாக வந்த அதிகாரி பன்னிரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், தான் போடாத ஆர்டரைத் தான் எடுக்கமுடியாது என்றார், கண்ணிவெடி புதைத்த ஒரு நிலத்தைத் தாண்ட அவர்களை அனுப்பினார். அவர்கள் ஒரு வெடிகூட வெடிக்காமல் அந்தப் பக்கம் போய் நின்று, மற்ற பட்டாளம் வரமுடியாததால், தனியாக நின்று அலுத்து, அப்படியே திரும்பி வந்தார்கள். சண்டை முடிந்ததும், பட்டாளத்துக்கு உரிய உயரத்தைவிட அதிக உயரம் என்று காரணம் எழுதிப் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அது ஒரு காலம். பன்னிரண்டு பேரும் ஒரே தெருவில் வீடு கட்டினார்கள். சாயங்காலமானால் தாயப்பன் டீக்கடை பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே வரிசையாக உட்கார்ந்து, மேலேயே இருந்துகொண்டு டீ குடித்து, மேஜரைப்பற்றிப் பேசுவார்கள். பெஞ்சில் மற்றவர்கள் உட்காரலாம் என்று நினைத்தால் முடியாது, இடம் காலியாகவும் இருக்கும், ஆளும் இருக்கும். சினிமாக் கொட்டகையில் பின்னால் இருப்பவனுக்கு மறைக்கிறது என்று அவர்களைக் கடைசி வரிசைக்கு ஒதுக்கினார்கள். செருப்புக் கடைக்காரன் மட்டும் கடைசிவரை அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு பேரும் அணிவகுத்துப் போகும்போது சத்தமே இருக்காது, காற்று நகர்வதுபோல இருக்கும், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அப்படியொரு அழகை இந்த ஊர் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறந்தார்கள். அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, பட்டாளத்து ரகசியம் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் தரையில்தான் நடந்தார்கள்.

ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் கஜபதியும் முனிரத்தினமும் மிஞ்சினார்கள்.

முனிரத்தினத்தின் மனைவி ரஞ்சிதத்துக்குப் பார்வை போனது அந்தச் சமயத்தில்தான். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது, பிறகு அடுத்ததையும் வாங்கிக்கொண்டது. ரஞ்சிதம் அதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. உப்பு எங்கே, புளி எங்கே என்று கைக்குத் தெரியும். மகள் ஓசூருக்கு வந்துவிடு என்று கூப்பிட்டதற்கு, "அங்க வந்து எந்தச் செவுத்துல முட்டிக்கிறது, இங்க எல்லாச் செவுரும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அவளால் பொறுக்கமுடியாதது ஒன்றே ஒன்றுதான். புருஷன் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாயா இது," என்றாள் ஒருநாள். "காத்தால கத்திரிக்கா வெல, பொண்ணு போன் பண்ணது, முட்டி வலி, எல்லாத்தையும் சொல்லிகினே இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரி வந்து, யார்கிட்ட அக்கா பேசறேன்னு கேக்குறா. நீ டீக்கடைல இருக்கே."

"கொரல் குடுத்துட்டுத்தானே போனேன்."

"போவசொல்ல குடுத்தே. வரசொல்ல? ஒரு சத்தம் கெடையாது. மேல தொட்டாத்தான் தெரியுது. செத்துப்போனவன்கூடக் குடித்தனம் பண்ற மாதிரி இருக்குயா எனக்கு."

அந்த வார்த்தை அவரை அறுத்தது. மறுநாள் ஒரு சைக்கிள் மணியை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு தடவை அடித்துக்கொண்டு வந்தார். "மணி கட்டிக்கினு வர்றதுக்கு நீ இன்னா மாடா?" என்று ரஞ்சிதம் கழற்றி எறிந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது மணி இல்லை. அந்த முதல் லீவில் அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குக் கேட்கும்; இடது கால் கனமாக விழும், வலது கால் லேசாக விழும், சின்ன வயதில் பனைமரத்திலிருந்து விழுந்ததால் வந்த நடை, தொம் தப், தொம் தப் என்று. அது கேட்டதும் அப்பளத்தை எண்ணெயில் போடுவாள். அவர் கை கழுவி உட்காரும்போது அப்பளம் சூடாக இலையில் இருக்கும். கண் இருந்தவரைக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் போட்டாள். கண் போன பிறகு அந்த வீட்டில் அப்பளம் பொரிப்பது நின்றுபோனது. நமுத்த அப்பளத்தை வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம் என்பது அவள் கட்சி.

முனிரத்தினம் நேரே கஜபதியிடம் போனார். கஜபதி தன் வீட்டுக் கட்டிலுக்கு ஒரு சாண் மேலே ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"அவில்தாரே, மேஜர் சாப்புக்கு அப்புறம் சீனியர் நீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் எறங்கிடுவேன்."

"எறங்கி?"

"அவளுக்கு என் கால் சத்தம் கேக்கணுமாம்."

கஜபதி எழுந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் அந்த வழக்கம் உண்டு. தலைவன் விழுந்தால் அடுத்தவன் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொள்ளவேண்டும், அவனும் விழுந்தால் அதற்கு அடுத்தவன். ஆனால் கஜபதி தலையை ஆட்டினார்.

"மேஜர் சாப் விழுந்ததை நீ பாத்தியாடா? நான் பாக்கல. இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஒருநாள் வந்து நிக்கிறாருன்னு வெச்சுக்கோ. மைதானத்துல ஒருத்தனும் இல்ல. அவரு மனசு இன்னா பாடுபடும்?"

"அவருக்கு இப்போ நூறு வயசு ஆயிருக்கும் அவில்தாரே."

"ஆவட்டுமே. நூறு வயசுல வர்றவருக்கு யாராவது ஒருத்தன் சொன்னபடி நிக்கவேணாமா? நான் இருக்கிறவரைக்கும் அந்த ஆர்டரு நிக்கும். எனக்கப்புறம் சீனியர் நீ. அப்போ உன் இஷ்டம்."

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் கஜபதியின் கண்ணைப் பார்த்தபோது, கழுதையின் கண்ணில் பார்த்தது அதிலும் தெரிந்தது, திரும்பி வந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பட்டாளத்தின் கதையை எப்படியோ கேள்விப்பட்டு, சிரிப்புப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆற்று மணலில் உப்பைக் கொட்டிப் பனி செய்தார்கள், கூடாரம் போட்டார்கள், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கழுதையைக் கொண்டுவந்து கோவேறு கழுதை என்றார்கள். இயக்குநர் தீபன் சின்ன வயதுக்காரர். முனிரத்தினத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்து, கேமராவுக்கு முன்னால் மிதக்கவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. நீங்க மிதக்கிறது மிதக்கிற மாதிரியே இல்ல. சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. ஜனங்க நம்பமாட்டாங்க."

கிரேன் வந்தது, கம்பி வந்தது. பன்னிரண்டு துணை நடிகர்களுக்கு உடுப்பு மாட்டி, முதுகில் கொக்கி மாட்டி, ஆளுயரத்துக்குத் தூக்கினார்கள். அவர்கள் கை காலை உதறிக்கொண்டு ஊஞ்சல் ஆடினார்கள். பட்டாளத்தார் தெரு மொத்தமும் வந்து பார்த்து, "இன்னாத்துக்கு இவ்ளோ செலவு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. நடிகர்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கும் வேலையை முனிரத்தினத்துக்குக் கொடுத்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மேஜர் வேஷம் போட்ட நடிகர் கிச்சா, உடுப்போடும் தொப்பியோடும் நின்றபோது, தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் மேஜர் மாதிரியே இருந்தார். கொஞ்சம் போதாதா என்று முனிரத்தினம் நினைத்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் அவரைத் தனியாக அழைத்துப்போய், "சார், எனக்காக ஒருவாட்டி சொல்லுங்க. ஜைசே தே. அவ்ளோதான்" என்றார்.

கிச்சா நல்ல மனுஷர். கையில் இருந்த தயிர்சாதத்தை வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, ஆற்றங்கரை அதிர, "ஜைசே தே!" என்றார். கம்பியில் தொங்கிய ஒருவன் பயத்தில் அலறினான். கழுதை உட்கார்ந்துவிட்டது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், குனிந்து பார்த்தார், அதே ஒரு சாண். கிச்சா வேறு வேறு குரலில் சொல்லிப் பார்த்தார், அதட்டிச் சொன்னார், கெஞ்சிச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்திருந்த கஜபதி பின்னாலிருந்து சிரித்தார்.

"நடிகன் போட்ட ஆர்டருக்கு நீ எறங்கியிருந்தா உன் மூஞ்சில முழிச்சிருக்கமாட்டேன்டா முனி."

அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. மறுநாள் விடியலில், கட்டிலுக்கு ஒரு சாண் மேலே, தூங்கினபடியே போய்விட்டார்.

கனமே இல்லாத உடம்பு. ஒரு விரலால் தள்ளினால் போதும், சுடுகாடுவரை தானாகப் போகும். ஆனாலும் நாலுபேர் தோள் கொடுக்கவேண்டும் என்பதால் நாலுபேர் காற்றுக்குத் தோள் கொடுத்து, கனக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார்கள். கட்டையில் வைத்தபோது கட்டைக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. முன்பு போன பத்துப் பேருக்கும் செய்ததுபோல வெட்டியான் அந்த இடைவெளியிலும் விறகைத் திணித்தான். கஜபதி இன்னும் ஒரு சாண் மேலே போனார். திணிக்கத் திணிக்கப் போனார். கடைசியில், சரி, நெருப்புக்கு எட்டும் என்று விட்டுவிட்டார்கள். முனிரத்தினம் பார்த்துக்கொண்டே நின்றார். பூமி கடைசிவரைக்கும் அந்த மனுஷனைத் தொடவில்லை. அவருக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளாமல் அழுதார்.

படப்பிடிப்பின் கடைசி நாள் அது. முனிரத்தினம் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு நேரே ஆற்று மணலுக்குப் போனார். கடைசிக் காட்சிக்காகப் பன்னிரண்டு நடிகர்களும் உடுப்பு போட்டு, கம்பியில் ஏறி, வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே உப்புப் பனி வெயிலில் மின்னியது. அந்த வரிசையைப் பார்த்ததும் அவருக்குள் என்னவோ நேராக நின்றது. இனிமேல் கேட்க ஆள் இல்லை. பட்டாளத்தில் எல்லோருக்கும் கடைசியாகச் சேர்ந்தவன்தான் இப்போது பட்டாளத்துக்குத் தலைவன்.

வரிசைக்கு முன்னால் போய் நின்று, "சாவ்தான்!" என்றார். நடிகர்கள் கம்பியிலேயே விறைத்தார்கள். அவர் பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

"ஹவில்தார் கஜபதி!"

நடிகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாவது நின்றவன், இது ஏதோ புது வசனம் என்று நினைத்து, "ஹாசிர், சாப்!" என்றான்.

"நாயக் திருவேங்கடம்!"

"ஹாசிர், சாப்!"

பதினொரு பெயரையும் கூப்பிட்டார். பதினொரு குரல் பதில் சொன்னது. பன்னிரண்டாவதாக நின்றவன் தன் பெயருக்காகக் காத்திருந்தான்; முனிரத்தினம், "அது நான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வடக்கே திரும்பி ஒரு சல்யூட் வைத்தார். "மன்னிச்சுக்கோங்க சாப். ரொம்ப நாள் இருந்தோம்" என்றார். குரல் உடைந்தது. உடைந்த குரலைச் சேர்த்துக் கட்டி, அடிவயிற்றிலிருந்து சொன்னார்.

"ஜைசே தே!"

கிரேன்காரன் தனக்குத்தான் சொல்கிறார் என்று கம்பியை இறக்கினான். பன்னிரண்டு பேரும் மெதுவாக மணலுக்கு வந்தார்கள். அவர்களோடு முனிரத்தினமும் வந்தார். வெயிலில் காய்ந்த மணல் உள்ளங்காலைச் சுட்டது. அவர் "ஆ" என்றார். அப்புறம் சிரித்தார். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து, மணல் சுடுகிறதே, சுடுகிறதே என்று சிரித்தார்.

"ஐயா, கேமரா ஓடல! இன்னொருவாட்டி இறங்குங்க!" என்று தீபன் ஓடிவந்தார். முனிரத்தினம் காதில் வாங்காமல் நடந்துகொண்டிருந்தார். பட்டாளத்தார் தெருவில் திரும்பியபோது அவர் காலடியில் தூசி எழும்பியது. கோலிகுண்டு விளையாடிய பசங்கள் அவரை அண்ணாந்து பார்த்த பழக்கத்தில் அண்ணாந்து, பிறகு கண்ணைத் தாழ்த்தி, "தாத்தா குள்ளமாயிட்டாரு" என்றார்கள்.

ரஞ்சிதம் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் காலடி கேட்டது. ஒன்றை வைத்து, நின்று, மூச்சு வாங்கி, இன்னொன்றை இழுத்து வைக்கிற காலடி.

"யாரது?"

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஓரடி வைத்தார்.

"யாரு சாமி அது? அவரு வெளிய போயிருக்காரு. அப்பறமா வாங்க."

"நான்தான் ரஞ்சிதம்."

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. அவள் தரையைத் தடவிக்கொண்டே வந்தாள். வாசல்படிவரை வந்து, கையை நீட்டி, சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்த பாதத்தைத் தொட்டாள். குதிகாலைத் தொட்டாள், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள், காலுக்கும் தரைக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்தாள், நகம் நுழையவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அந்தப் பாதத்தின்மேல் விழுந்தது.

"ஏன்யா," என்றாள். "நீ எப்போ கெழவனானே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இத்தனை வருஷமும் அவள் காதில் இருந்தது அந்த முதல் லீவின் கால்கள்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போ. தெருமுனைக்குப் போயி மறுபடியும் வா."

"முட்டி நோவுது ரஞ்சிதம்."

"நோவட்டும். போய் வாயா."

அவர் போனார். ஆர்டர் என்றால் ஆர்டர். தெருமுனை வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பி, நடக்கத் தொடங்கினார். தொம், என்று இடது கால் விழுந்தது. வெகுநேரம் கழித்து, தப், என்று வலது கால் விழுந்தது. கஜபதியின் சாவுக்காக மூடிக்கிடந்த டீக்கடையைத் தாண்டினார். திருவேங்கடத்தின் வீட்டைத் தாண்டினார். பூட்டியிருந்த கஜபதியின் வீட்டு வாசலுக்கு வந்து நின்று, இளைத்து, இன்னும் பாதித் தெரு இருக்கிறதே என்று நினைத்தபோது, தன் வீட்டுப் பக்கமிருந்து அப்பளம் பொரியும் வாசனை வந்தது.